ரிப்போர்ட்டில் சிர்கோனியம் சரி, வார்ப்பில்?

ஒரு பவுண்டரியில் ஒரே மூசையிலிருந்து வார்த்த இரண்டு துண்டுகளை உடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். முதலில் ஊற்றியதன் முறிமுகம் ரவை மாதிரி நெருக்கமாக, மங்கலாக இருந்தது. கடைசியில் ஊற்றியது உடைத்த கற்கண்டு போலப் பளபளத்தது. இசட்.ஈ.41 என்ற மெக்னீசியக் கலவை, துத்தநாகம் சுமார் 4%, அருமண் தனிமங்கள் 1 சதவீதத்துக்குச் சற்று மேல், சிர்கோனியம் கொஞ்சம். எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளந்து சொல்லும் ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட்டில் எல்லாமே அளவுக்குள் இருந்தது. அப்புறம் எப்படி?

விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. கலக்கி முடித்த உடனேயே சாம்பிள் எடுத்துவிட்டார்கள். பிறகு அச்சு தயாராகவில்லை என்று உருக்கை ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சிர்கோனியத்தின் அடர்த்தி 6.5, உருகிய மெக்னீசியத்துக்கு 1.6 தான். கரையாத துகள்கள் அடியில் போய் உட்காராமல் என்ன செய்யும்?

முறிமுகத்தில் தெரியும் மணிகளை, அதாவது உலோகம் உறையும்போது உருவாகும் படிகங்களை, சிறிதாக்கச் சிர்கோனியத்தை நாம் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு உலோகங்களுக்கும் ஒரே அறுகோணப் படிக அமைப்பு, அணு இடைவெளிகளும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் துகளின் மேலேயே மெக்னீசியம் உறையத் தொடங்குகிறது. ஆனால் உறையும் வெப்பநிலையை ஒட்டி, அதாவது 650 டிகிரி வாக்கில், உருக்கில் கரைவது அரை சதவீதம் அளவுக்குத்தான். மணிகளைச் சிறிதாக்குவதில் பெரும்பங்கு இந்தக் கரைந்த பங்குக்கு. ஸ்பெக்ட்ரோவோ கரைந்தது, கரையாதது இரண்டையும் சேர்த்துத்தான் எண்ணும். இரும்பு மூசையைத் தேவைக்கு மேல் சூடாக்கினால் இன்னொரு நஷ்டமும் உண்டு: உருக்கில் சேரும் இரும்பு சிர்கோனியத்தைப் பிடித்துக்கொண்டு கீழே போய்விடும்.

இன்னொரு தவறு இதைவிட வருத்தமானது. ஏ.இசட்.91 போல அலுமினியம் உள்ள கலவையிலும் சிலர் சிர்கோனியம் போட்டுப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அலுமினியமும் சிர்கோனியமும் சேர்ந்து கெட்டியான சேர்மமாகி அடியில் படிந்துவிடும், போட்ட காசும் அதோடு போகும். அங்கே மணியைச் சிறிதாக்க உருக்கில் கார்பன் சேர்ப்பதுதான் பழக்கம். அதற்காகக் கார்பனும் குளோரினும் உள்ள ஹெக்ஸாகுளோரோஈத்தேன் மாத்திரையை உருக்கில் அமுக்குவார்கள். அந்தப் புகை தொழிலாளியின் நுரையீரலுக்குப் போகிறது. மணி எவ்வளவு சிறிதானாலும் சரி, அந்த முறையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். சிறிதளவு கால்சியம் மணியைக் குறைக்கும், உருக்கு தீப்பிடிக்கும் பயத்தையும் தணிக்கும். அளவு மீறினால் வார்ப்பு சூட்டிலேயே வெடிப்பு விடும்.

சிர்கோனியக் கலவைக்கு நான் கேட்பது இவ்வளவுதான். நன்றாகக் கலக்குங்கள், பெரிய துகள்கள் இறங்கச் சில நிமிடம் விடுங்கள், அடி வண்டலைத் தொடாமல் ஊற்றுங்கள். தாமதமாகிவிட்டதா? மறுபடி கலக்கி, மறுபடி சாம்பிள் எடுங்கள். முதல் கரண்டியில் ஒன்று, கடைசிக் கரண்டியில் ஒன்று என இரண்டு சோதனைத் துண்டுகள் வார்த்தெடுங்கள். இரண்டையும் உடைத்து வெளிச்சத்தில் பார்த்த பிறகு வார்ப்புகளை அனுப்புங்கள்.