ஒல்லிப் பிள்ளை சீக்கிரமே சதை பிடித்தால்

“டாக்டர், பிள்ளைக்குச் சதையே பிடிக்க மாட்டேங்குது, ஒரு டானிக் எழுதிக் கொடுங்க.” குழந்தை மருத்துவரான எனக்கு இதைக் கேட்காமல் ஒரு நாள் போவதில்லை. பெரும்பாலும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளையாக இருக்கும். ஒரு வயதில் கொழுகொழுவென்று இருந்தவனுக்கு இப்போது விலா எலும்பு தெரிகிறதே என்று அம்மாவைவிடப் பாட்டிக்குத்தான் கவலை அதிகம்.

உயரமும் எடையும் பார்த்தால் பலருக்குக் குறை ஒன்றும் இருக்காது. முதல் வருடத்தில் உடலில் கொழுப்பு வேகமாகச் சேரும். நடக்க, ஓட ஆரம்பித்ததும் சதை வற்றி, ஐந்து ஆறு வயதுவாக்கில் பிள்ளை ஆக ஒல்லியாக இருப்பான். அதற்கப்புறம்தான் மறுபடி ஏறும். அந்த ஏற்றம் மூன்று, நான்கு வயதிலேயே தொடங்கிவிடும் பிள்ளைகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை. வீட்டிலோ “இப்பதான் தேறி வர்றான்” என்று சந்தோஷப்படுவார்கள்.

டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2004-ல் வெளிவந்தது. முப்பது வயதையொட்டி சர்க்கரை நோயோ அதற்கு முந்தைய நிலையோ வந்தவர்கள், சராசரியாகப் பார்த்தால், இரண்டு வயது வரை ஒல்லியாக இருந்து, பிறகு சீக்கிரமே சதை பிடிக்கத் தொடங்கியவர்கள். பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவர்கூட உடல் பருமன் கணக்கில் வரவில்லை. புனேயில் நடந்த ஆய்வும் இதோடு சேர்ந்து போகிறது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் 3.5. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை.

அதற்காக எடை குறைவாகப் பிறந்த பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். முதல் இரண்டு வருடம் நன்றாக வளரத்தான் வேண்டும். அதன்பிறகு சர்க்கரை கலந்த சத்துமாவு பானமும் பிஸ்கட்டும் கொடுத்துத் தேற்றப் பார்ப்பதுதான் வினை. முட்டை, சுண்டல், தயிர் கொடுங்கள். சாயங்காலம் ஓடியாட விடுங்கள்.

வயதுக்கு வரும் சமயத்தில் பெண் பிள்ளைகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் சதை போடுவது இயல்பு. அதற்குப் பயந்து ராத்திரி சாப்பிடாமல் படுக்கும் பெண்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. நான் பார்ப்பது வயிற்றை. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். எட்டவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். பின்கழுத்து கருத்துத் தடித்திருந்தாலும் அப்படியே. அது அழுக்கு இல்லை, தேய்த்துக் குளிப்பாட்டினால் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம்.

ஐந்து வயது ஊசி போட்டதும் தடுப்பூசி அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து பத்திரமாக வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உயரமும் எடையும் அதிலேயே குறித்து, சளி, காய்ச்சல் என்று வரும்போதும் கையோடு எடுத்து வாருங்கள்.