கரி வேறு, கார்பன் வேறு

காங்கேயம், பல்லடம் வட்டாரத்தில் தேங்காய்த் தொட்டியை (சிரட்டையை) சுட்டுக் கரியாக்குவது நன்கு வேரூன்றிய தொழில். அதைப் பார்த்துவிட்டு, "எங்கள் தோட்டத்துத் தொட்டியில் நாங்களே கார்பன் செய்யலாமா?" என்று கேட்பவர்கள் பலர். அவர்கள் கார்பன் என்பது தண்ணீரை வடிகட்டப் பயன்படும், நுண்துளைகள் நிறைந்த 'ஆக்டிவேட்டட் கார்பன்'. நீர் சுத்திகரிப்புத் துறையில் இருப்பதால் என் காதுக்கு இது அடிக்கடி வரும் கேள்வி.

சுட்டதும் கிடைப்பது வெறும் கரி. அதன் நுண்துளைகளில் பெரும்பகுதி தாரால் அடைபட்டிருக்கும். அந்தக் கரியை 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி நீராவியைச் செலுத்தினால், நீராவி கரியையே அரித்துக் கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் வெளியேற்றும். அரித்த இடம்தான் துளை. ஒரு கிராமுக்குள் 1000 சதுர மீட்டர் பரப்பு உருவாவது இப்படித்தான். ஆகவே நல்ல கார்பன் என்பது எடையை இழந்து பெறுவது. 100 கிலோ தொட்டியில் 30 கிலோ கரி தேறினால், உலையில் அதிலும் பாதிக்கு மேல் போய்விடும். அடிமாட்டு விலையில் கார்பன் கிடைத்தால் நான் முதலில் அதன் அயோடின் எண்ணைக் கேட்பேன்; ஒரு கிராம் கார்பன் எவ்வளவு அயோடினைப் பிடிக்கிறது என்று காட்டி, துளைகள் எந்த அளவு உருவாகியிருக்கின்றன என்பதைச் சொல்லும் எண் அது.

எந்தக் கழிவிலிருந்து செய்தாலும் கார்பன் ஒன்றுதான் என்பதும் தவறு. தொட்டிக் கார்பனில் 2 நானோமீட்டருக்குக் குறைந்த துளைகளே அதிகம். குளோரின், வாடை போன்றவற்றுக்கு அது அருமையானது. சாயப்பட்டறைக் கழிவுநீரின் பெரிய மூலக்கூறுகள் அதற்குள் நுழையத் திணறும். அங்கே பாஸ்பாரிக் அமிலம் சேர்த்துச் செய்த மரக் கார்பன் மேல். நெல் உமியில் சிலிக்கா மிகுதி என்பதால் சாம்பலும் மிகுதி.

கல்லூரிச் செயல்திட்டங்களில் துளைகளை உண்டாக்கத் துத்தநாகக் குளோரைடு பயன்படுத்துகிறார்கள். சாயம் வெளுத்ததைப் படம் எடுக்கிறார்கள். கார்பனைக் கழுவிய தண்ணீர் எங்கே போனது என்று கேட்டால் பதில் வராது. பெரும்பாலும் சாக்கடைக்குத்தான், துத்தநாகத்தோடு. அதைச் சுற்றுச்சூழல் ஆய்வு என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

குழி தோண்டிச் சுடுவதிலும் இதே கதைதான். புகை ஒருபுறம். தணலை அணைக்க ஊற்றும் தண்ணீர் தாரையும் ஃபீனாலையும் சுமந்து மண்ணில் இறங்கும். பக்கத்துக் கிணற்றில் நிறமும் வாடையும் மாறும். புகையை எரித்து வெப்பமாக்கும் மூடிய உலை இல்லையென்றால், தொட்டியாகவே விற்றுவிடுங்கள்.

வீட்டில் அடுப்புக்கரியை வடிகட்டியில் நிரப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதில் சாம்பல்தான் தண்ணீரில் கரையும். உண்மையான கார்பனும் உப்பையோ கடினத்தன்மையையோ குறைக்காது. துளைகள் நிரம்பியபின் பிடித்துவைத்ததையே திருப்பி விடவும் கூடும். வாடை மீண்டும் எட்டிப் பார்த்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.