நிச்சயதார்த்த மோதிரத்துக்கு அபூர்வ நிறத்தில் சஃபையர் தேடுகிறவர்களுக்கு

பெங்களூரில் கல்யாணம் நிச்சயமாகி மோதிரம் செய்ய நினைக்கும் பிள்ளைகளில் பலர் இப்போது வைரத்தை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். "ஆபீஸ்ல எல்லார் கையிலயும் அதுதான் இருக்கு மேடம்" என்பது காரணம். சஃபையர் (நம் ஊரில் நீலக்கல் என்கிற அதே இனம், பல நிறத்திலும் வரும்) வேண்டும், அதிலும் நீல நிறம் கூடாது. மயில்கழுத்து, மாந்தளிர், சாம்பல் கலந்த ஊதா, ஒரே கல்லில் பாதி மஞ்சள் பாதி பச்சை என்று போனில் ஒரு படத்தைச் சேமித்து வைத்திருப்பார்கள். நான் கல் விற்பதில்லை, சோதித்துச் சொல்வது மட்டும்தான் என் தொழில். சிக்பேட்டையிலோ கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலோ பார்த்து வைத்த கல்லையும், கொழும்புக்கு டூர் போனபோது வாங்கிய கல்லையும் என் மேஜைக்குக் கொண்டு வருகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் வருகிறவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அந்த எண்ணிக்கை கூடட்டும் என்பதற்காக.

நம் வீடுகளில் முதல் தடை கடைக்காரரிடமிருந்து வராது, அம்மாவிடமிருந்து வரும். அல்சூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் நினைவுக்கு வருகிறது. பெண் தேர்ந்தெடுத்தது பச்சையும் நீலமும் கலந்த கல், கடையில் 'டீல்' என்கிறார்களே, அது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மனசே ஒப்பவில்லை. "நீலம் எல்லாருக்கும் ஒத்துக்காதும்மா. தலகாணிக்கு அடியில மூணு ராத்திரி வச்சுப் பாத்துட்டுத்தான் போடணும்பாங்க." பெண், "அத்தை, இது நீலமே இல்ல, பச்சை" என்றாள். அத்தை விடவில்லை: "நிறம் எதுவா இருந்தா என்ன, கல்லு ஒண்ணுதானே?"

சனி பகவான் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை. ஆனால் தாதுவியல்படி அத்தை சொன்னதுதான் சரி. மாணிக்கம், நீலம், கனக புஷ்பராகம் மூன்றும் ஒரே குருவிந்தம்தான், அலுமினியம் ஆக்சைடு. சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம், குரோமியம் சேர்ந்தால் இளஞ்சிவப்பு, அது கூடினால் மாணிக்கச் சிவப்பு, இரும்பு மட்டும் என்றால் மஞ்சளோ பச்சையோ. இவை வெவ்வேறு அளவில் கலக்கும்போதுதான் பெயர் வைக்க முடியாத நிறங்கள் பிறக்கின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மஞ்சளும் பச்சையும் நீலமும் பட்டைபட்டையாகக் கிடக்கும் கற்கள் வருகின்றன. அமெரிக்காவின் மொன்டானாவில் மயில்கழுத்து, தான்சானியாவின் உம்பா பள்ளத்தாக்கில் வெளிச்சத்துக்கு வெளிச்சம் நிறம் மாறும் கற்கள். இரத்தினபுரியிலும் மடகாஸ்கரின் இலாகாகாவிலும் ஏறக்குறைய எல்லா நிறமும் உண்டு.

நம் ஊர்க் கடைகளில் இவற்றை அதிகம் பார்க்க முடியாததற்கும் ஜாதகமே காரணம். சனிக்கு நீலம், குருவுக்கு மஞ்சள். கட்டத்தில் இடமில்லாத சாம்பல் ஊதாவைக் கடைக்காரர் எதற்குக் காசு போட்டு வாங்கி வைக்கப் போகிறார்? நீங்கள் கேட்ட பிறகுதான் ஜெய்ப்பூருக்குப் போன் போட்டு வரவழைப்பார். வருகிற கல் உங்களுக்குப் புதுசு, பல சமயம் அவருக்கும் புதுசு. ஏமாற்று என்பதைவிட, விற்பவருக்கே கல்லின் கதை முழுசாகத் தெரியாமல் கைமாறுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

முதலில் வெளிச்சம். கடையில் கல்லை இடுக்கியால் பிடித்து வெள்ளை எல்.இ.டி. விளக்குக்கு நேர் கீழே காட்டுவார்கள். அந்த விளக்கில் எல்லாக் கல்லும் அழகுதான். போன மழைக்காலத்தில் கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி வந்தார்கள், கையில் மயில்கழுத்து நிறக் கல் ஒன்று. விளக்கின் கீழ் பச்சை ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் என்று துள்ளியது. விளக்கை அணைத்துவிட்டு, பெண்ணின் மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கல்லைச் செருகி ஜன்னலோரம் போகச் சொன்னேன். மேகமூட்டமான மத்தியானம். கல் கறுப்புச் சட்டைப் பொத்தான் மாதிரி உட்கார்ந்திருந்தது. இரும்புச் சத்து அதிகமுள்ள கற்களுக்கு இது சகஜம். பகலில் ஆபீஸ் டியூப்லைட், சாயங்காலம் வீட்டு மஞ்சள் பல்பு என்று வாழ்நாள் முழுக்கப் பார்க்கப்போவது அந்தக் கறுப்பைத்தான். அவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் வெளிறிய கல்லை எடுத்தார்கள்.

அதனால் கல்லைக் கையில் வைத்துப் பாருங்கள், வெள்ளைத் தாளின் மேல் அல்ல. கடை வாசலுக்கு எடுத்துப் போகக் கேளுங்கள். கூடவே ஒரு பையனை அனுப்புவார்கள், அதில் தவறில்லை. பிறகு மஞ்சள் பல்பில் ஒரு முறை. நிறம் மாறும் கல் என்று விற்றால் இரண்டிலும் பார்க்காமல் விலை பேசவே வேண்டாம். இன்னொன்று, கல்லை முகம் மேலே தெரிய செய்தித்தாளில் வைத்து நடுவில் எழுத்து தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அடிப்பக்கம் தட்டையாக வெட்டிய கல். வெளிச்சம் திரும்பி வராமல் கீழே ஓடிவிடும், நடுவில் ஓட்டை விழுந்ததுபோல் வெளிறித் தெரியும்.

அடுத்தது நெருப்பு. சந்தைக்கு வரும் சஃபையர்களில் பெரும்பாலானவை சூடேற்றப்பட்டவை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1970-களில் இலங்கையில் 'கெவுட' என்று ஒதுக்கிக் கிடந்த பால்நிறக் கற்களைத் தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக வாங்கிப் போய், உலையில் வைத்து நல்ல நீலமாக எடுத்தார்கள். உள்ளே மங்கலாக இருந்த நுண் ஊசிகள் 1,500 டிகிரிக்கு மேல் கரைந்து, அதிலிருந்த டைட்டானியம் நிறமாக மாறியது. அந்த நிறம் நிலையானது, மோதிரத்தில் தாராளமாகப் போடலாம். சூடேற்றாத கல்லுக்கு விலை கூடும், அவ்வளவே. அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கிறவர் அதற்கான அத்தாட்சியைக் கேட்க வேண்டும். "அன்ஹீட்டட்தான் சார், நம்புங்க" என்பது அத்தாட்சி ஆகாது. அதிலும் இளஞ்சிவப்புக் கல்லிலிருந்து நீலச் சாயலை விரட்ட 1,000 டிகிரிக்குக் கீழே மெல்லிய சூடு போதும். அந்தத் தடயத்தைப் பிடிக்க நல்ல ஆய்வகமே திணறும், கடைக்காரரின் லென்ஸ் என்ன செய்யும்?

கவலைப்பட வேண்டிய சூடு வேறு. 2001 வாக்கில் தாய்லாந்திலிருந்து ஆரஞ்சும் தாமரை நிறமுமாகக் கற்கள் குவியத் தொடங்கின. இவ்வளவு அபூர்வ நிறம் இத்தனை கற்களில் எப்படி என்று ஆய்வகங்கள் குழம்பின. உலையில் கிரிசோபெரில் என்ற கல்லும் சேர்ந்து வெந்ததில், அதிலிருந்த பெரிலியம் சஃபையருக்குள் ஊடுருவி நிறத்தை மாற்றியிருந்தது பிறகு தெரியவந்தது. இன்று வேண்டுமென்றே செய்கிறார்கள். ஆரஞ்சு, பளிச் மஞ்சள், ஆரஞ்சு கலந்த சிவப்பு ஆகியவற்றில் இது நிறையவே உண்டு. விலை இயற்கை நிறக் கல்லின் பக்கத்தில்கூட நிற்காது.

இதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மெத்திலீன் அயோடைடு என்ற கனமான திரவத்தில் கல்லை அமிழ்த்துவேன். அதன் ஒளிவிலகல் சஃபையருடையதற்கு மிக அருகில் இருப்பதால் பட்டைகளின் விளிம்புகள் கண்ணிலிருந்து மறைந்து, நிறம் மட்டும் தனியாக மிதக்கும். இயற்கைக் கல்லில் நிறம் நேர்கோடுகளாக, அறுகோணத்தின் மூலைபோல் 120 டிகிரியில் மடங்கி நிற்கும். ஊடுருவச் செய்த கல்லில், வெட்டிய கல்லின் வெளி உருவத்தையே சுற்றி ஓர் ஓரமாக நிறம் படிந்திருக்கும். பூமிக்குள் கிடந்த கல்லுக்குத் தன்னைப் பிற்காலத்தில் எப்படி வெட்டப்போகிறார்கள் என்று எப்படித் தெரியும்? அங்கேயே குட்டு உடைந்துவிடும். ஆனால் பெரிலியம் நீண்ட நேரம் ஊறி நடு வரை போய்விட்டால் அந்த ஓரமும் தெரியாது. அப்போது லேசரால் துளியளவு ஆவியாக்கித் தனிமங்களை அளக்கும் கருவி உள்ள ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். என் மேஜையில் தீராது என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

தாமரை இதழின் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த பத்பரச்சா தனிக் கதை. 2018 ஜனவரியில் பிரிட்டிஷ் இளவரசி யூஜினியின் நிச்சயதார்த்த மோதிரத்தில் அந்தக் கல் வந்ததிலிருந்து இங்கேயும் கேட்கிறார்கள். விலை அதிகம், எல்லைக்கோடும் மங்கல். ஓர் ஆய்வகம் பத்பரச்சா என்று எழுதியதை இன்னொன்று வெறும் பிங்க் சஃபையர் என்று எழுதும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 2016-க்குப் பிறகு மடகாஸ்கரின் ஒரு புதிய படுகையிலிருந்து வந்த கற்கள் பலவற்றில் ஆரஞ்சுச் சாயல் தங்கவில்லை. சில வாரம் வெளிச்சத்தில் இருந்தால் ஆரஞ்சு வடிந்து வெறும் இளஞ்சிவப்பு மிஞ்சும். புற ஊதா விளக்கில் காட்டினால் திரும்பி வரும், மறுபடி போகும். கதிர்வீச்சு செலுத்தி மஞ்சளாக்கிய கற்களும் இப்படி வெளிறுவதுண்டு. இதற்கென்றே நிற நிலைப்புச் சோதனை இருக்கிறது. பத்பரச்சா வாங்குவதானால் அதைச் செய்து ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெளுக்கிற கல் கடைக்காரரிடம் இருக்கும்போதே வெளுக்கட்டுமே.

ஆய்வகத்தில் வளர்த்த சஃபையர் பற்றி இரண்டு வரி போதும். தீச்சுடரில் குருவிந்தம் வளர்க்கும் முறையை வெர்னாய் 1902-இலேயே அறிவித்துவிட்டார். திருச்சிப் பக்கம் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் கல்லும் அழகுதான், கடினமும் மோஸ் அளவுகோலில் அதே 9. செயற்கை என்று சொல்லி, அந்த விலைக்கு விற்றால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. திரவத்தில் போட்டால் நிறக்கோடுகள் வளைந்து தெரிவது இதன் அடையாளம்.

கார்டுக்கு வருவோம். கடையில் கல்லோடு பிளாஸ்டிக் உறை போட்ட சின்ன அட்டை தருவார்கள். "நேச்சுரல் சஃபையர்" என்று தடித்த எழுத்தில் இருக்கும். எல்லோரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். சூடேற்றிய கல்லும் நேச்சுரல்தான், பெரிலியம் ஊறியதும் மண்ணிலிருந்து எடுத்ததுதான். பார்க்க வேண்டியது கீழே 'கமென்ட்ஸ்' அல்லது 'ட்ரீட்மென்ட்' என்ற வரியை. "நோ இண்டிகேஷன்ஸ் ஆஃப் ஹீட்டிங்" என்றால் சூடேற்றிய அறிகுறி தென்படவில்லை. "இண்டிகேஷன்ஸ் ஆஃப் ஹீட்டிங்" என்றால் சூடேற்றியது. வரி காலியாக இருந்தால் அந்த ஆய்வகம் அதைச் சோதிக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலி இடத்தை ஒரு கடையில் "ட்ரீட்மென்ட் இல்லன்னுதான் சார் அர்த்தம்" என்று விளக்கியிருக்கிறார்கள்! விலை உயர்ந்த கல் என்றால் கடைக்காரர் தரும் அட்டையை மட்டும் நம்பாமல், 1972-இல் ஜெம் டெஸ்டிங் லேபரட்டரி என்று தொடங்கி, இப்போது ஐ.ஐ.ஜி.ஜே. ரிசர்ச் அண்ட் லேபரட்டரீஸ் சென்டர் என்ற பெயரில் இயங்கும் ஜெய்ப்பூர் ஆய்வகம் போன்ற இடத்துக்கு நீங்களே அனுப்பி ரிப்போர்ட் வாங்கலாம். கல்லோடு வந்த அட்டையில் இருக்கும் எடையும் மில்லிமீட்டர் அளவும் கையிலிருக்கும் கல்லோடு பொருந்துகிறதா என்று தராசில் வைத்துப் பார்ப்பதும் நல்லது. அட்டை ஒரு கல்லுக்கு, கல் வேறு ஒன்று என்பதும் நடக்கிறது.

எடை என்றதும் ரத்தி என்பார்கள். ரத்திக் கணக்கு கடைக்குக் கடை மாறும். கேரட்டில் கேளுங்கள், ஒரு கேரட் 0.2 கிராம். சஃபையர் வைரத்தைவிட அடர்த்தியானது. ஒரு கேரட் வட்ட வைரம் 6.5 மில்லிமீட்டர் இருக்கும் என்றால், அதே எடையில் சஃபையர் கொஞ்சம் சிறுத்துத் தெரியும். அதனால் படத்தில் பார்த்த கேரட் கணக்கைவிட மில்லிமீட்டர் கணக்கில் யோசிப்பதே மோதிரத்துக்குச் சரி.

தங்கத்தில் ஹால்மார்க்கும் ஆறு எழுத்து ஹெச்.யு.ஐ.டி.யும் (அந்த நகைக்கென்றே தரும் அடையாள எண்) இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுகிறவர்கள் உண்டு. அது தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டும், கல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. பதிக்கும் ஆசாரியிடம், பிற்பாடு மோதிரத்தைப் பெரிது பண்ணக் கொடுத்தாலும், கல்லைக் கழற்றிவிட்டுத்தான் ஊதுகுழல் வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பற்றவைக்கப் போடும் போராக்ஸோடு (வெங்காரம்) சூடு பட்டால் சஃபையரின் மேல்தோல்கூட அரிக்கும். விரிசலில் கண்ணாடி நிரப்பிய கல் என்றால் இன்னும் மோசம். ஈயக் கண்ணாடி நிரப்பிய கல்லை எலுமிச்சைச் சாறே கெடுத்துவிடும்.

பில்லில் "ஸ்டோன் 1 நம்பர்" என்று எழுதி வாங்கி வராதீர்கள். இயற்கை சஃபையர், இத்தனை கேரட், இந்த நிறம், சூடேற்றியது அல்லது சூடேற்றாதது, இன்ன ரிப்போர்ட் எண், ரிப்போர்ட் மாறுபட்டால் இத்தனை நாளுக்குள் பணம் திரும்பத் தரப்படும் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் ஏன் தயங்குகிறார் என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம், அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

இதற்கெல்லாம் நாள் வேண்டும். தை மாதம் நிச்சயதார்த்தம் என்றால் ஆவணியிலேயே தேட ஆரம்பிக்கலாம். கார்த்திகை கடைசியில் வந்து பத்பரச்சா கேட்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: சூடேற்றிய நல்ல இலங்கை ஊதாவை எடுங்கள். நிலையான நிறம், நியாயமான விலை, ஜெய்ப்பூர் தரகர்களிடம் கேட்டால் கிடைத்துவிடும். அத்தை மட்டும் அதையும் நீலம் என்றுதான் சொல்வார்.