ஹீட் பம்ப் லாபமா? உங்க பாய்லர்ல என்ன எரியுதுன்னு முதல்ல சொல்லுங்க

கரண்டும் எரிபொருளும் எங்க வீணாகுதுன்னு ஆலைகள்ல அளந்து பாக்குற எனர்ஜி ஆடிட்டுக்கு எங்க போனாலும் இப்ப இதே கேள்விதான், "சார், ஹீட் பம்ப் போட்டா ரெண்டு வருஷத்துல போட்ட காசு வந்துருமாமே?" வெண்டர் குடுத்த பேப்பர்ல அப்படித்தான் இருக்கும். வரும், வராமலும் போகும், பாய்லர்ல என்ன எரிக்கிறீங்கங்கிறதப் பொறுத்தது.

ஒரு பால் பிளான்ட்டையே எடுத்துக்கோங்க. பாலைக் குளிர வைக்க ஓடுற அமோனியா கம்ப்ரஸரோட சூடு பூரா 35 டிகிரி தண்ணியா கூலிங் டவருக்குப் போய் காத்துல கலக்குது, அதே காம்பவுண்ட்ல நாலு எட்டு தள்ளி பைப்லைனும் டேங்கும் கழுவ 80 டிகிரி தண்ணி வேணும்னு பாய்லர் எரியுது. அந்த 35 டிகிரி சூட்டை எடுத்து 80க்கு ஏத்துறதுதான் ஹீட் பம்ப்போட வேலை. 1 யூனிட் கரண்டுக்கு சுமாரா 3.5 யூனிட் சூடு வரும், இதத்தான் சிஓபிங்கிறோம்.

கரண்டு ஒரு யூனிட், டிமாண்ட் சார்ஜெல்லாம் (வாங்கி வெச்சிருக்கிற லோடுக்கு மாசாமாசம் கட்டுறது) சேர்த்து 8 ரூபான்னு வெச்சுக்கிட்டா ஒரு யூனிட் சூடு 2.30 ரூபா ஆகுது. டீசல் லிட்டர் 92 ரூபா, லிட்டர் எரிஞ்சா 10 யூனிட் சூடு, பாய்லர் 85% எஃபிஷியன்சின்னா யூனிட் சூடு 10.80 ரூபா. இங்க யோசிக்கவே வேணாம், போட்டுருங்க. கேஸ் சிலிண்டர் பேங்க் வெச்சிருக்கவங்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

ஆனா நம்ம பக்கம் நெறய பேர் எரிக்கிறது விறகு. கிலோ 5 ரூபா, 4 யூனிட், பாய்லர் 70%ன்னா யூனிட் சூடு 1.80 ரூபாதான். ஹீட் பம்ப் தோத்துருச்சு. இங்கதான் இன்னொன்னு பாக்கணும், அந்த 70% பாய்லர் வாசல்ல அளந்தது, இன்சுலேஷன் பிஞ்ச பைப்புலயும் ஒழுகுற ஸ்டீம் ட்ராப்புலயும் (நீராவியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு தண்ணிய மட்டும் வெளிய விடுற வால்வு) போனது போக சுடுதண்ணி டேங்குக்கு வந்து சேர்றது 50% தான்னா விறகும் 2.50 ரூபா ஆயிடும், கணக்கு சரிக்குச் சரி. இதுல ஒரு சிக்கல், பால் பவுடர் மாதிரி வேற வேலைக்கு பாய்லர் எப்படியும் ஓடும்னா அந்த லாஸ் அப்படியேதான் இருக்கும், காகிதத்துல எழுதுன மிச்சம் பில்லுல வராது. பாய்லரை அணைக்க முடியுமா முடியாதா, மேனேஜ்மென்ட் இதுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேங்குது.

ஓடுற நேரமும் முக்கியம். மெஷின் வெல அதிகம், ஒரு ஷிஃப்ட் மட்டும் ஓட்டுற இடத்துல வட்டியே சாப்பிட்டுரும். சாய ஆலைல 65 டிகிரி கழிவுத்தண்ணி போகுதுன்னா ஹீட் பம்ப்பே முதல்ல வேணாம், பஞ்சை வடிகட்டிட்டு ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் போட்டு உள்ள வர்ற பச்சத்தண்ணிய சூடாக்குங்க, மிச்சத்துக்கு அப்பறம் பாக்கலாம்.

கோட்டேஷன்ல சிஓபி 4.5ன்னு போட்டிருந்தா எத்தன டிகிரில இருந்து எத்தன டிகிரிக்குன்னு அதே வரில எழுதித் தரச் சொல்லுங்க. 55க்கு சொன்ன நம்பர் 80க்கு வராது.