அப்லோட் ஏறும் நாற்பது நிமிடம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். லோகோ வரைகிறவர்கள், கணக்குப் பதிகிறவர்கள், சூமில் வகுப்பெடுக்கிறவர்கள். வெளிவாரிப் பட்டத்துக்கு ஒப்படை எழுதுகிறவர்களையும் இதில் சேர்க்கலாம். உளவளத்துணைக்கு வந்தால் பலர் வாயில் வரும் முதல் வார்த்தை, "எனக்குச் சோம்பல் கூடிப்போச்சு." சோம்பேறிக்கு இப்படிக் குற்ற உணர்வு வராது. காலை எட்டு மணிக்கே லெப்டொப் முன்னால் குந்தி, மத்தியானம் வரை ஒரு பக்கமும் எழுதாமல், அதையே நினைத்து இரவில் தூங்காமல் கிடக்கிறவரைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது?

ஃபியூஷியா சிரோயிஸ், டிமோதி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013இல் இதை நன்றாக விளக்கினார்கள். வேலையைத் தொட்டதும் மனதில் ஒரு கசப்பு எழுகிறது: பயம், சலிப்பு, "பிழையாகிவிடுமோ" என்ற சந்தேகம். அந்தக் கசப்பை உடனே ஆற்றிக்கொள்ளத்தான் வேலையைத் தள்ளிப்போடுகிறோம். ஆற்றுவதற்கு மிகக் கிட்டத்தில் கிடப்பது போன். ஆகவே மனதை உறுதியாக்கு என்று சொல்வதில் பெரிய பயன் இல்லை. வேலை எந்தெந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பயன்.

அதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். மூன்று நாளைக்கு, வேலை நேரத்தில் போனை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்து குறியுங்கள். தொடங்க முடியாமல் எடுத்தால் 'தொ', எதற்காவது காத்திருக்கும்போது எடுத்தால் 'கா', கடினமான இடத்தில் முட்டி எடுத்தால் 'க', மெசேஜ் சத்தம் கேட்டு எடுத்தால் 'ச'. எல்லோரும் 'ச' தான் கூட வரும் என்று நினைப்பார்கள். எண்ணிப் பாருங்கள். மலையகத்தில் 'கா'வைச் சின்னதாக நினைக்க முடியாது.

காரணம் சிக்னல். பள்ளத்தில் இருக்கும் தோட்ட லயத்து வீட்டில், மழையும் பனிமூட்டமும் சேர்ந்த நாளில், அப்லோட் வேகம் செக்கனுக்கு ஒரு மெகாபிட் கிடைத்தாலே பெரிய விஷயம். அந்த வேகத்தில் 300 எம்பி பாட வீடியோ ஒன்று ஏற 40 நிமிடம் பிடிக்கும். திரையில் நீலக்கோடு 12 வீதத்தில் நிற்கிறது. எழுந்து போகவும் மனமில்லை, வேறு வேலை தொடங்கவும் மனமில்லை. கை தானாகப் போனுக்குப் போகும். கோடு 100ஐத் தொட்ட பிறகும் ரீல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தினாலும் மனதில் ஒரு பாதி அங்கேயே நிற்கும். ஒரு வேலையிலிருந்து அடுத்ததுக்குத் தாவும்போது கவனத்தின் மிச்சம் பழைய இடத்தில் தங்கிவிடுவதை சோஃபி லெரோய் 2009இல் ஆராய்ந்து காட்டினார். பீஸ் கணக்கில் காசு வரும் இணைய வேலையில் இப்படி இரண்டு தடவை நடந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான்.

அப்லோட்களை ஒவ்வொன்றாகப் போடாமல் சேர்த்து வையுங்கள். சோற்றுக்கு எழும்பும்போது ஒரு தொகுதி, படுக்கப் போகும்போது ஒரு தொகுதி. சில பேக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா கிடைக்கும், அது இதற்கு உதவும். ஆனால் அதைச் செலவழிக்க விழித்திருக்காதீர்கள், கோப்பை ஏற விட்டுத் தூங்குங்கள். கரண்ட் போகலாம் என்பதால் பெட்டரியை முதலே நிரப்பிக்கொள்ளுங்கள். பகலில் காத்திருந்தே ஆகவேண்டும் என்றால், இணையம் தேவைப்படாத மூன்று சின்ன வேலைகளை அதே தாளின் ஓரத்தில் முன்கூட்டி எழுதி வையுங்கள்: கோப்புகளுக்குப் பெயர் மாற்றுவது, எழுதியதைத் திருத்துவது, நாளைய பாடத்துக்குக் கேள்வி எழுதுவது.

போனைத் தூர வை என்ற அறிவுரை இங்கே பலருக்குச் சரிவராது. ஏனென்றால் ரவுட்டரே அந்தப் போன்தான். ஹொட்ஸ்பொட்டைப் போட்டுவிட்டு, சிக்னல் நன்றாக வரும் ஜன்னல் விளிம்பில் திரை கீழே பார்க்கக் கவிழ்த்து வையுங்கள். எட்டினால் படாத தூரம் போதும், எழுந்து நடந்தால்தான் எடுக்க முடிய வேண்டும். இதிலே பலர் பிழைவிடும் இடம் ஒன்று உண்டு. அன்ட்ரொய்டில் டேட்டா சேவரைப் போட்டால் ஹொட்ஸ்பொட் வேலை செய்யாது, விமானப் பயன்முறையிலும் அப்படியே. அதற்குப் பதிலாக செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதிக்குப் போய் ஃபோகஸ் மோடில் பேஸ்புக், டிக்டொக், யூடியூப் மூன்றையும் சேருங்கள். இணையம் ஓடும், அவை மட்டும் திறக்காது.

'சாவுச் செய்தி வந்தால் தெரியாமல் போய்விடுமே' என்பார்கள். மரண உதவிச் சங்கக் குரூப், கோயில் குரூப் என்று எல்லாம் வட்ஸ்அப்பில் இருப்பதால் அந்தப் பயம் நியாயமானது. 'டூ நொட் டிஸ்டர்ப்' செட்டிங்கில், ஒரே நபர் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணி அடிக்கும்படி வைக்கலாம். உண்மையான அவசரத்துக்கு யாரும் ஒருமுறை எடுத்துவிட்டு நிற்கமாட்டார்கள். குரூப்களை ம்யூட் செய்து ஆர்க்கைவ் பண்ணிவிடுங்கள்.

ஆப் டைமர் மீது எனக்கு நம்பிக்கை குறைவு. இரண்டு தட்டில் நீக்கிவிடலாம், நீக்கியும்விடுவோம். ஆப்பையே அழித்துவிட்டு, வேண்டுமானால் பிரவுசரில் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் அடித்து உள்ளே போவது மேல். யூடியூபில் பார்த்த வரலாற்றை அழித்து, பதிவாவதையும் நிறுத்தினால் முதல் பக்கத்தில் பரிந்துரைகள் வராது, தேடினால் மட்டும் கிடைக்கும். சமூக வலைத்தளங்களுக்கு மட்டும் அளவில்லாமல் தரும் பேக்கேஜை வேலை சிம்மில் போடாதீர்கள். வேலைக்கான டேட்டா எண்ணி எண்ணிக் கரையும்போது, ரீல்ஸ் மட்டும் சும்மா கிடைப்பதுபோலத் தெரியும்.

'தொ' கூட விழுந்தவர்களுக்கு: "ஒப்படை எழுதவேண்டும்" என்பது வேலை அல்ல, அது மலை. "கோப்பைத் திறந்து இரண்டாம் கேள்விக்கு மூன்று வரி" என்பதுதான் வேலை. அதை ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு கட்டுங்கள்: "பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனதும் தேத்தண்ணிக் கப்பைக் கழுவி வைத்துவிட்டுக் கோப்பைத் திறப்பேன்." முதல் கிழமை பத்து நிமிடம் போதும். பிறகு அது தானாகவே 25 நிமிடமாக நீளும். இடைவேளையில் போனைத் தொடாமல் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) நின்றுவிட்டு வாருங்கள். 'க' விழும் இடத்தில், முட்டிய கேள்வியை ஒரு வரியில் தாளில் எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம்.

இவ்வளவு செய்தும் இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் மாறிப்போய், குளிக்கக்கூட அலுப்பாக இருந்தால் அது போன் பிரச்சினை மட்டும் அல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். நுவரெலியா, பதுளை போன்ற பெரிய அரச வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக் இருக்கிறது. போகும்போது அந்த மூன்று நாள் தாளையும் எடுத்துப் போங்கள், டாக்டர் கேட்கும் பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.