மறைப்புக்குப் பின்னால் போனவர்கள்

1989 மே 7. கிழக்கு ஜெர்மனியில் உள்ளாட்சித் தேர்தல். சாவடியில் தரும் வாக்குச்சீட்டில் ஒரே ஒரு பட்டியல். அதை அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டால் ஆதரவு என்று அர்த்தம். ஓட்டுப் போடப் போவதை மக்கள் கிண்டலாக ‘மடிக்கப் போவது’ என்றே சொன்னார்கள். எதிர்க்கிறவர் பெயர்களை அடிக்க வேண்டும். அதற்கு மறைப்பும் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் யார் நடக்கிறார் என்று எல்லாரும் பார்ப்பார்கள், குறித்தும் வைப்பார்கள்.

98.85 சதவீதம் ஆதரவு என்று அறிவித்தார்கள். அதில் தில்லுமுல்லு இருந்தது. எண்ணும் இடத்துக்கே போய் நின்ற குடிமக்கள் சிலர் அதைக் கண்டுபிடித்தார்கள். அதைக் கழித்துவிட்டாலும் பெரும்பாலானோர் மடித்துத்தான் போட்டிருந்தார்கள். பத்து மாதம் கழித்து, 1990 மார்ச்சில், சுதந்திரமான தேர்தல் வந்தது. ஆண்ட கட்சியின் வாரிசாக வந்த கட்சிக்குக் கிடைத்தது 16.4 சதவீதம்.

அதற்குள் ஒரு நாடே மனம் மாறிவிட்டதா? கொஞ்சம் மாறியிருக்கும். மிச்சமெல்லாம் முன்பே உள்ளே இருந்ததுதான் என்கிறார் பொருளியலாளர் திமூர் குரான். மனதில் ஒன்று, வாயில் ஒன்று.

ரகசியப் போலீஸ் இருந்த நாடு, பயம் இருக்காதா என்று கேட்கலாம். சரிதான். ஆனால் மிரட்ட ஆளே இல்லாத அறையிலும் இது நடக்கிறது.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ், மாணவர்களிடம் ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று கேட்டார். சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். தனியாகக் கேட்டால் தப்பு வருவது 1 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷின் ஆட்கள். அவர்கள் சேர்ந்தாற்போல் தவறான பதிலைச் சொன்னபோது, அந்த ஒருவரின் பதில்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூட்டத்தோடு போனது. நாலில் ஒருவர் மட்டும் ஒரு தடவைகூட வளையவில்லை.

பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான பதில் சொல்லச் சொன்னார் ஆஷ். ஒத்துப்போவது சுமார் 5 சதவீதத்துக்கு விழுந்தது. அந்தத் துணை பாதியில் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டால் மறுபடி ஏறியது. இன்னொரு வேடிக்கை: துணைக்கு இருப்பவர் வேறொரு தவறான பதிலைச் சொன்னாலும் போதும், பிடி தளர்ந்துவிடும். அவர் நம் கட்சியாக இருக்க வேண்டியதில்லை, கூட்டத்தின் கட்சியாக இல்லாமல் இருந்தால் சரி.

அப்படியானால், துணை உண்டா இல்லையா என்று நாம் எப்படிக் கணக்குப் போடுகிறோம்? காதில் விழுவதை வைத்துத்தான். மேற்கு ஜெர்மனியில் அல்லென்ஸ்பாக் கருத்துக்கணிப்பு நிறுவனத்தை நடத்திய எலிசபெத் நோயெல்-நாய்மன் இதற்கு ‘மௌனச் சுழல்’ என்று பெயர் வைத்தார். ஐந்து மணி நேர ரயில் பயணம், எதிரே இருப்பவர் அரசியல் பேச ஆரம்பிக்கிறார், நீங்களும் பேசுவீர்களா? இப்படித்தான் அவருடைய ஆட்கள் கேட்டார்கள். தன் பக்கம் இளைக்கிறது என்று நினைப்பவர் வாயை மூடிக்கொள்கிறார். அவர் குரல் குறைவதால் அந்தப் பக்கம் இன்னும் இளைத்ததாகத் தெரிகிறது. அடுத்தவரும் மூடிக்கொள்கிறார்.

பின்னால் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், அவர் நினைத்த அளவுக்கு விளைவு பெரிதில்லை. ஆனால் முன்பின் தெரியாதவரைவிட வீட்டாரிடமும் நண்பரிடமும் அக்கம்பக்கத்திலும்தான் அது கூடுதலாகத் தெரிகிறது. நம்புகிறேன். ரயிலில் எதிரே இருப்பவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவார். பெரியப்பா பொங்கலுக்குப் பொங்கல் வருவார். அவர் இருக்கும்போது நான் தேர்தல் பேச்சையே எடுப்பதில்லை.

வாயைத் திறக்கும் சிறுபான்மைக்கு என்ன பலன்? 1969-இல் பிரான்ஸில் உளவியலாளர் செர்ஜ் மாஸ்கொவிசி ஆஷின் சோதனையைத் தலைகீழாக்கினார். ஆறு பேரில் இரண்டு பேர் மட்டும் அவருடைய ஆட்கள். நீல நிறப் படங்களை ஒவ்வொரு தடவையும் ‘பச்சை’ என்றார்கள். மற்றவர்களின் பதில்களில் 8.4 சதவீதம் பச்சையானது. இருவரும் சில தடவை பச்சை, சில தடவை நீலம் என்று மாற்றிப் பேசியபோது வெறும் 1.25. கூட்டத்தின் பலத்தோடு ஒப்பிட்டால் சொற்பம்தான். ஆனால் அந்தச் சொற்பமும் பிடிவாதக்காரர்களுக்குத்தான் கிடைத்தது.

இப்போது கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரம். அங்கே நிக்கோலாய் தேவாலயத்தில் திங்கள்தோறும் அமைதிக்கான ஜெபம் நடக்கும். 1989 செப்டம்பரில் அது முடிந்து தெருவில் நின்றவர்கள் முதலில் கொஞ்சம் பேர், அப்புறம் சில ஆயிரம். ஒவ்வொருவர் மனதிலும் ஓர் எண் இருக்கும்: நூறு பேர் வந்தால் நானும் வருவேன், ஆயிரம் வந்தால் வருவேன். முதல் ஆட்களுக்கு அந்த எண் பூஜ்யம். அவர்கள் வந்து நின்றதும் பத்துக்காரர் வருகிறார், அவரைப் பார்த்து நூறுகாரர். முதல் சிலர் வராமல் போயிருந்தால், அதே மக்கள், அதே மனம், தெரு காலி.

அக்டோபர் 9-இல், சுடுவார்களோ என்று ஊரே நடுங்கிய இரவில், சுமார் 70,000 பேர் நடந்தார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை. அடுத்த திங்கள் லட்சத்தைத் தாண்டியது. ஒரே மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

சில மாதம் கழித்து, அதே அல்லென்ஸ்பாக் நிறுவனம் கிழக்கு ஜெர்மானியரிடம் கேட்டது: ஒரு வருஷத்துக்கு முன் இப்படி ஒன்றை எதிர்பார்த்தீர்களா? ஆமாம் என்றவர்கள் 5 சதவீதம். கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை என்றவர்கள் 76.