அப்பப்பாவின் ஆமிக் கடதாசியை எப்படி வாசிப்பது?

"குடும்பத்தில் யாருக்காவது இருதய வருத்தம் இருந்ததா?" என்று கிளினிக்கில் கேட்டால், சிலர் ஒரு பழைய கடதாசியை எடுத்து நீட்டுவார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய ஆமியில் சேர்ந்த அப்பப்பாவையோ பூட்டனையோ உடல்நிலை காரணமாக விடுவித்த பத்திரம். களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கத்தில் அது அலுமாரிக்குள்ளேயே கிடக்கும். "ஆமி கலைச்சு விட்டதாம்" என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள்.

அதில் 390ஆம் பந்தி, 16ஆம் உட்பிரிவு என்று இருக்கிறதா பாருங்கள். 1940ஆம் ஆண்டு இராணுவ விதிகளின்படி, ஆமி எதிர்பார்த்த உடல்தகுதி இப்போது இல்லை என்பதுதான் அதன் பொருள். குற்றம் எதுவும் இல்லை. நடத்தையைப் பற்றித் தனி வரி இருக்கும், அதையும் வாசியுங்கள்.

அப்புறம் நோயின் பெயர். இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். 'எஃபர்ட் சிண்ட்ரோம்' என்பது அப்படி ஒன்று. நெஞ்சு படபடப்பு, மூச்சிரைப்பு, களைப்பு எல்லாம் இருக்கும். இருதயத்தைச் சோதித்தால் பழுது இருக்காது. இது பெரும்பாலும் பதற்றத்தால் வருவது என்று லண்டன் இருதய மருத்துவர் போல் வூட் 1941இலேயே விளக்கினார். இந்தக் கடதாசியை மட்டும் நம்பி 'எங்களுக்குப் பரம்பரை இருதய நோய்' என்று பேரப்பிள்ளைகள் பயந்துகொண்டிருப்பது எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது.

'நியூரோசிஸ்', அதாவது பதற்றம் போன்ற மனப் பாதிப்பு, என்று எழுதியிருந்தால் கதை இன்னும் மோசம். கல்யாணப் பேச்சு வந்தால் கடதாசியையே ஒளித்துவிடுவார்கள். குண்டுச் சத்தத்துக்குப் பிறகு நித்திரை வராமல் தவித்தவருக்கும் அந்தப் பெயரைத்தான் எழுதினார்கள். போர் மனிதரை என்ன செய்யும் என்று மட்டக்களப்பாருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பிறகு ஏன் வெட்கப்பட வேண்டும்?

நோய் ஆமிச் 'சேவையால் ஏற்பட்டதல்ல' என்ற வரி இருந்தால், அது பென்ஷனுக்காக எடுத்த முடிவு. அதை வைத்து நோய் பரம்பரையில் வந்தது என்று சொல்ல முடியாது.

உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஃபோனில் படமெடுங்கள். ஓரத்துப் பென்சில் குறிப்பும் தெரியட்டும். சேர்ந்தபோது நடந்த உடற்பரிசோதனைத் தாள் கிடைத்தால் அதையும் கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள், சேரும்போது எப்படி இருந்தார், விடுவித்தபோது எப்படி இருந்தார் என்று ஒப்பிடலாம். தயவுசெய்து லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாளைக் கிழிக்காமல் எடுக்க முடியாது.